கந்தைக்கு விலை கூறுவோர் யார்?

"கந்தையானாலும் கசக்கிக் கட்டு" என்னும் பழமொழியை அறியாத தமிழர் இலர். கந்தை உடுத்தோர்க்குத் தூய்மையைப் போதிக்கும் இம்மொழி, அக்கந்தையிலும் அழகு இருக்கக் கூடுமோ என்று கேட்பதில்லை. கந்தை ஏழ்மையின் அடையாளம், ஏழ்மை இழிவு, இழிவை நாலு பேர் கண்ணிற் படாமல் மறைப்பதே மானம் என்று நம்மில் பலரும் எண்ணி வருகிறோம். இவ்வெண்ணம் சரிதானா என்பதை, நமக்கு வெகு தொலைவிலுள்ள ஒரு கிராமத்துப் பெண்மக்களின் கைவேலையைக் கொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

அமெரிக்காவின் தென்பகுதியிலுள்ள அலபாமா மாகாணத்தில், அலபாமா ஆறு குதிரை லாடம் போல் வளைந்தோடும் ஓரிடத்தில், மூன்று பக்கமும் நீர் சூழ்ந்த ஒரு சிற்றூர் இருக்கின்றது. அதன் பெயர் ஜீஸ் பெண்ட். ஜீ என்பவருடைய வளைவு என்பது பொருள். அவ்வூர்க் கறுப்பினப் பெண்கள் பல தலைமுறைகளாகப் பழந்துணிகளைக் கிழித்து இணைத்துத் தைத்து வரும் போர்வைகளை ஆங்கிலத்தில் 'குவில்ட்' என்பர். நாம் ஒட்டுப்போர்வை என்று வழங்குவோம். மேலே பல துண்டுகளைச் சேர்த்துத் தைத்த ஒரு விரிப்பு, நடுவே பஞ்சு, அடியில் மற்றொரு துணி. இம்மூன்றும் பிரியாதபடி குறுக்கும் நெடுக்குமாக ஓடும் நூல் தையல். இவ்வளவே அதன் அமைப்பு.

இவற்றை நாம் நேரிற் கண்டோமில்லை. வண்ணப் படங்களாக அச்சிட்ட நூல்களிலேயே கண்டோம். துணியின் கனமும் மணமும் படத்தில் வாரா. ஆதலின் நமது தீர்ப்பு அந்த அளவிற்குக் குறைவுடையதே என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்ளுகிறோம். ஆயினும் தோட்டத்தில் பிறந்து, தோட்டத்திலேயே கிராணி வேலை பார்த்துப் பிழைக்கும் நமக்கு, அப்படங்களைப் பார்க்குந்தோறும் பட்டணத்து விமர்சகர்கள் எழுதாத சில எண்ணங்கள் தோன்றின. அவற்றை வாசகர் முன் வைக்கத் துணிகின்றோம்.

கணக்குப் புத்தகமும் போர்வையும்

1816ஆம் ஆண்டில் ஜோசப் ஜீ என்னும் வெள்ளையர் அவ்விடத்தில் பருத்தித் தோட்டம் நிறுவினார். 1845இல் அவர் வழிவந்தோர், தாம் பட்ட கடனுக்கு ஈடாகத் தோட்டத்தை மார்க் பெட்வே என்னும் உறவினருக்குக் கொடுத்தனர். நிலத்தோடு அடிமைகளும் கைமாறினர். பெட்வே தம் குடும்பத்துடன் வடகரோலினாவிலிருந்து குடிபெயர்ந்து வந்தபோது, ஏறக்குறைய நூறு அடிமைகள் அத்தனை தூரத்தையும் கால்நடையாகவே கடந்து வந்தனர். 1865இல் அடிமைத்தனம் சட்டத்தால் ஒழிந்தது. ஆனால் போக்கிடம் இல்லாத மக்கள் அந்நிலத்திலேயே வாரக்குடிகளாகத் தங்கினர். தம்மை அடிமைகொண்டவனின் குடும்பப் பெயரே அவர்களுக்கும் பெயராயிற்று. ஒருவருக்கொருவர் உறவில்லாதாரும் அவ்வூரில் பெட்வே என்றே அழைக்கப்படுவதன் காரணம் இதுவே.

1920களில் பருத்தியின் விலை சரிந்தது. ஆற்றுக்கு அக்கரையிலுள்ள கேம்டன் நகரத்து வியாபாரி ஒருவர் அம்மக்களுக்குக் கடன் கொடுத்து வந்தார். அவர் இறந்த பின்னர், 1932இல், அவருடைய விதவையின் சார்பாக வந்தோர் பாக்கிக்காக வீடு வீடாகப் புகுந்து, மாடு, கோவேறு கழுதை, கலப்பை, சேமித்த சோளம், சர்க்கரைவள்ளிக் கிழங்கு ஈறாக எல்லாவற்றையும் வாரிச் சென்றனர். அதன்பின் வந்த குளிர்காலத்தைச் செஞ்சிலுவைச் சங்கத்தாரின் உதவி இல்லாவிடில் பலர் தாண்டியிருக்க மாட்டார்.

இவையனைத்தும் கணக்குப் புத்தகங்களின் கதைகள். அடிமைகளைத் தலைக்கு இவ்வளவு என்று எழுதியதும் புத்தகமே. வாரக்குடியின் சோளத்தைப் பறித்ததும் புத்தகமே. விடியுமுன் பெரட்டுக்களத்தில் பெயர் வாசித்து, வந்தவர்க்குக் கோடும் வராதவர்க்குச் சுழியும் இட்டு வரும் நாம், புத்தகத்தின் இயல்பை நன்கு அறிவோம். அதில் ஒரு மனிதர் என்பவர் ஒரு நாள் வேலை. அவர் கை எத்தகையது, அவர் எதனை அழகென்று எண்ணினார், எவருக்காக அழுதார் என்பவற்றை எழுத அதிற் பத்தி கிடையாது.

அப்பத்தியை ஜீஸ் பெண்ட் பெண்கள் துணியில் எழுதினர் என்பதே நமது அபிப்பிராயம். இதற்கு ஒரு சான்று காட்டுவோம். 1942இல் மிசூரி பெட்வே என்னும் மாதின் கணவர் நோயுற்று இறந்தார். அவ்வம்மையார் கணவருடைய வேலையுடுப்புகளை எடுத்து, தம் மகள் அர்லோன்சியாவின் துணையோடு கிழித்து, ஒரு போர்வையாகத் தைத்தார். அவரை நினைவுகூரவும், அவர் அன்பைப் போர்த்திக்கொண்டு உறங்கவுமே அதனைச் செய்ததாக அம்மகள் பிற்காலத்தில் கூறினார். படத்தில் அப்போர்வையைப் பாருங்கள். வெளிறிய நீலம், சாம்பல், பழுப்பு, சிறிது சிவப்பு. அகன்ற துண்டுகளும் நீண்ட பட்டைகளும். பூவேலை இல்லை, பொன்னிழை இல்லை. வெயிலிலும் வியர்வையிலும் நிறம் கெட்ட துணியே அங்கே நிறமாக நிற்கின்றது. வாங்கிய நிறத்தை எவரும் வைத்துத் தைக்கலாம். உழைத்து மங்கிய நிறத்தை அறிந்து, எது எதன் அருகில் நின்றால் துக்கம் பேசும் என்று ஆய்ந்து வைப்பதற்கு உள்ளத்திலும் கண்ணிலும் ஒருங்கே பயிற்சி வேண்டும்.

அந்த 1942ஆம் ஆண்டிலேயே மலாயாவும் சிங்கப்பூரும் ஜப்பானியர் வசமாயின. அடுத்த மூன்றரை ஆண்டுகளில் துணிப் பஞ்சம் முற்றி, நம் தோட்டத்து மக்கள் கோணிச்சாக்கைத் தைத்து உடுத்திய வரலாற்றை முதியோர் சொல்ல நாம் கேட்டிருக்கிறோம். அலபாமாப் பெண்களும் மாவுச்சாக்கையும் உரச்சாக்கையும் போர்வைக்கு அடித்துணியாக இட்டனர். சாக்கு இருவர்க்கும் பொது. அதனை அவர்கள் பாதுகாத்தனர், நாம் மறந்தோம். இவ்வேற்றுமைக்குப் பின்னர் வருவோம்.

அயலாரின் தீர்ப்பு

இப்போர்வைகள் எவ்வாறு செய்யப்பட்டன என்பதை அறியாமல் இவற்றின் தரத்தை அறிய இயலாது. வேலை இரண்டு பகுதியாக நடைபெறும். துண்டுகளைத் தேர்ந்து இணைத்து மேல்விரிப்பை அமைப்பது முதற்பகுதி. இதனை ஒவ்வொருத்தியும் தன் வீட்டில், பெரும்பாலும் வயல்வேலை ஓய்ந்த குளிர்காலத்தில், தனியே செய்வாள். பஞ்சையும் அடித்துணியையும் வைத்து மூன்றையும் சேர்த்துத் தைப்பது இரண்டாம் பகுதி. இதற்கு ஒரு மரச்சட்டத்தில் விரிப்பை இழுத்துக் கட்டி, நாலைந்து பெண்கள் சுற்றி அமர்ந்து, பாடிக்கொண்டும் ஊர்க்கதை பேசிக்கொண்டும் தைப்பர். இன்று ஒருத்தி வீட்டில். நாளை மற்றொருத்தி வீட்டில். பஞ்சும் விலைக்கு வாங்கியதன்று. அறுவடைக்குப் பின் காட்டில் எஞ்சியதும், பஞ்சாலையில் கூட்டி எடுத்ததுமே குச்சியால் அடித்து மெதுவாக்கப்பட்டு உள்ளே வைக்கப்பட்டது.

எனவே சிந்தனை தனியாருடையது; தையல் பொதுவானது. இஃது ஆழ்ந்து நோக்கத்தக்க ஏற்பாடு. பிறர் கை படும் என்பதை அறிந்தே ஒருத்தி தன் விரிப்பை அமைக்கின்றாள். அவ்விரிப்பைச் சுற்றி அமரும் பெண்கள் ஒவ்வொரு துண்டையும் விரலால் தொட்டு ஆராய்கின்றனர். இதனிலும் கூர்மையான விமர்சனம் எந்தப் பத்திரிகையில் நடைபெறும்?

அஃதன்றி, வசந்தகாலத்தில் எல்லாப் போர்வைகளையும் வெளியே கொடியில் உலர்த்துவது அவ்வூர் வழக்கம். அப்போது பெண்கள் வழிநடந்து சென்று ஒருவர் கொடியை ஒருவர் பார்ப்பர். 'கூரைமுகடு' என்று அவர்கள் அழைக்கும் ஓர் அமைப்பு உண்டு. நடுவே ஒரு சிறு சதுரம். அதனைச் சுற்றி நாற்புறமும் ஒரு பட்டை. அதனைச் சுற்றி மற்றொன்று. இவ்வாறு சுற்றுச் சுற்றாக விரிவது. 'கொத்தன்' என்பது செங்கல் அடுக்கியதுபோல் படிப்படியாக ஏறும் அமைப்பு. 'சோம்பேறிப் பெண்' என்பது நீண்ட பட்டைகளை நேராக அடுக்குவது. எளிதாகையால் அப்பெயர் பெற்றது போலும். இவ்வமைப்புகளை அவ்வூரில் அறியாதவர் இல்லை. எவளும் எவளிடமும் கற்கலாம். கற்பிக்க மறுப்பார் இல்லை. ஆனால் கற்றதை அப்படியே மறுபடி செய்தால் அதற்கு மதிப்பும் இல்லை. பட்டை ஒன்றை அகலமாக்குவாள் ஒருத்தி; நடுச்சதுரத்தை ஓரத்திற்குத் தள்ளுவாள் வேறொருத்தி; ஒரே நிறமாகச் செல்லும் வரிசையில் எதிர்பாராத ஓரிடத்தில் ஒரு சிவப்புத் துண்டை வைத்துக் கண்ணைத் தடுத்து நிறுத்துவாள் இன்னொருத்தி. இவ்வாறு அமைந்ததை 'என் வழி' என்று அவர்கள் பெருமையோடு கூறுவர்.

இவ்வொழுங்கு நம்மவர்க்குப் புதிதன்று. மார்கழி மாதத்தில் நம் தாய்மார் வாசலில் இடும் கோலத்தை நினைத்துப் பாருங்கள். புள்ளிக் கணக்கு எல்லார்க்கும் பொது. அடுத்த வீட்டு வாசலைப் பார்த்துக் கற்றுக்கொள்வதில் வெட்கம் இல்லை. ஆயினும் மறுநாள் தன் வாசலில் ஓர் இழையாவது மாற்றாமல் இடுபவளை, "எங்கள் வீட்டுக் கோலத்தைத் திருடிவிட்டாள்" என்று லயமே சிரிக்கும். கற்பது பொது, செய்வது தனது என்னும் இவ்விதியே கிராமக் கலைகளுக்கெல்லாம் உயிர்நிலை என்று நாம் கருதுகிறோம். இவ்விதியைக் கொண்டே ஜீஸ் பெண்ட் போர்வைகளை அளக்க வேண்டும். அளந்தால் எல்லாப் போர்வையும் ஒரே தரத்தன அல்ல என்பதும் புலனாகும். கூரைமுகட்டைப் பிழையின்றிச் செய்தும் உயிரின்றிக் கிடப்பன சில. புகழ் வந்த பின்னர்ச் செய்தவற்றுள், கோணல் இருந்தால் விமர்சகர் மகிழ்வர் என்பதற்காகவே கோணலாக்கியனவாக நமக்குத் தோன்றுவனவும் சில. மிசூரி பெட்வேயின் போர்வையில் உள்ள கோணல் அத்தகையதன்று. அது கால்சட்டையின் வடிவத்தினின்றும் பிறந்தது.

கடையின் தீர்ப்பு

நிற்க. இப்பெண்களின் கைவேலை ஊரைக் கடந்து வெளியுலகுக்குச் சென்ற வரலாற்றை இனி நோக்குவோம்.

1960களில் கறுப்பின மக்கள் வாக்குரிமைக்காகப் போராடினர். ஜீஸ் பெண்ட் மக்கள் வாக்காளராய்ப் பதிவதற்கு ஆற்றைக் கடந்து கேம்டன் செல்ல வேண்டும். 1962இல் ஆற்றைக் கடக்கும் படகுப் போக்குவரத்து நிறுத்தப்பட்டது. கண்ணுக்கு எதிரே தெரியும் கரைக்கு 40 மைல் சுற்றிப் போக நேர்ந்தது. அப்படகு மீண்டும் ஓடத் தொடங்கியது 2006இல்தான். 1965இல் மார்ட்டின் லூதர் கிங் அவ்வூருக்கு வந்து பேசினார். வாக்குரிமை கேட்ட குற்றத்துக்காக அச்சுற்றுப்புறத்தில் வேலையையும் குடியிருப்பையும் இழந்தோர் பலர்.

அவ்வாண்டின் இறுதியில் பிரான்சிஸ் வால்ட்டர் என்னும் பாதிரியார் அவ்வழியே செல்கையில் கொடியில் உலர்ந்த போர்வைகளைக் கண்டார். அவற்றை நியூயார்க்கில் ஏலம் விட்டால் மக்களுக்குப் பணம் கிட்டும் என எண்ணினார். 1966இல் 'பிரீடம் குவில்டிங் பீ' என்னும் கூட்டுறவுச் சங்கம் தோன்றியது. விடுதலைப் போர்வைச் சங்கம் என்று தமிழிற் கூறலாம். எஸ்டெல் விதர்ஸ்பூன் என்னும் அம்மையார் நெடுங்காலம் அதனை நடத்தினார். 1969இல் அருகிலுள்ள ரெஹோபாத்தில் மார்ட்டின் லூதர் கிங் பெயரால் ஒரு தையற்கூடம் கட்டினர். சங்கம் வாங்கிய நிலத்தில், குடியிருப்பினின்றும் துரத்தப்பட்ட குடும்பங்களுக்கு மனைகள் கிடைத்தன. தாய்மார் தைக்கும் வேளையில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளவும் ஏற்பாடு உண்டாயிற்று. தங்கள் விரலால் சம்பாதித்த காசைத் தங்கள் பெயரிலேயே பெற்ற பெண்கள், அதற்குமுன் பருத்திக் காட்டில் பிறர் கணக்கில் உழைத்தவர்கள். இச்சங்கத்தின் பெருமையை நாம் எவ்வளவு கூறினும் தகும்.

ஆனால் கலை என்னும் முறையில் நோக்கும்போது ஓர் உண்மையை மறைத்தல் கூடாது. பெருநகரக் கடைக்காரர்கள் ஒன்றுபோல் ஒன்று இருக்கும் போர்வைகளையே கேட்டனர். அளவு ஒன்று, அமைப்பு ஒன்று, தையலின் நெருக்கம் ஒன்று. கோணல் இருப்பின் திருப்பி அனுப்பப்படும். 'என் வழி' என்று சொல்லுதற்கு அங்கே இடமில்லை. 1972இல் சியர்ஸ் என்னும் பெருங்கடை, கார்டுராய் என்னும் வரிவரியான தடித்த துணியில் தலையணை உறைகள் தைத்துத் தரும்படி சங்கத்துக்கு வேலை கொடுத்தது. பெண்கள் அவ்வாறே தைத்தனர். இவை கூலிக்கு உதவின, கலைக்கு உதவவில்லை.

ஆயின் நடந்த வேடிக்கையைக் கேளுங்கள். உறைகளுக்கு வெட்டியது போக எஞ்சிய கார்டுராய்த் துண்டுகளைப் பெண்கள் வீட்டுக்குக் கொண்டு சென்றனர். பொன்மஞ்சள், செம்பழுப்பு, பச்சை, பழச்சிவப்பு எனக் கடைக்காரன் தேர்ந்த நிறங்கள் அவை. தடித்த துணியாகையால் நுணுக்கமான தையலுக்கு இணங்காது. பெரிய துண்டுகளாகவே வைத்தல் வேண்டும். அக்கட்டாயமே ஒரு புதிய துணிச்சலைத் தந்தது. அவ்வூரின் மிகச் சிறந்த போர்வைகளிற் சில அக்கழிவுத் துண்டுகளிற் பிறந்தன. ஆனி மே யங் என்னும் அம்மையார் 1976இல் செய்தது அவற்றுள் ஒன்று. நடுவே தழல் போன்ற கார்டுராய்ப் பட்டைகள். சுற்றிலும் வேலைக் கால்சட்டைகளின் மங்கிய நீலம். பகலில் கடைக்காகத் தைத்த ஊரே, இரவில் தன் வீட்டுக்காகத் தைத்ததின் பயன் இது. கடை கொடுத்த துணியிலேயே கடையின் விதியை அப்பெண்கள் மீறினர்.

இதனால் நாம் கடையைப் பழிக்கின்றோம் என்று எவரும் எண்ண வேண்டா. பசித்தவளிடம் சென்று, "அம்மா, நீ தலையணை உறை தைக்காதே, கலை கெட்டுவிடும்" என்று உபதேசிப்பது வயிறு நிறைந்தவர்களின் பேச்சு. கூலிக்குச் செய்ததையும் உள்ளத்துக்குச் செய்ததையும் வேறுவேறாக அறிந்து, இரண்டிற்கும் உரிய மரியாதையைச் செய்ய வேண்டும் என்பதே நமது கருத்து. அச்சங்கம் 2012இல் மூடப்பட்டது. அது நிகழ்த்திய தொண்டு மூடத்தக்கதன்று.

காட்சிசாலையின் தீர்ப்பு

ஆனி மே யங்கின் அப்போர்வையை ஒரு புகைப்படத்தில் கண்ட வில்லியம் ஆர்னெட் என்னும் கலைப்பொருள் சேகரிப்பவர், 1990களின் பிற்பகுதியில் அவ்வூரைத் தேடிச் சென்றார். பின்னர் நூற்றுக்கணக்கான போர்வைகளை வாங்கினார். 2002இல் ஹூஸ்டன் நகர நுண்கலைக் காட்சிசாலையிலும், அவ்வாண்டின் இறுதியில் நியூயார்க் விட்னி காட்சிசாலையிலும் அவை சுவரில் தொங்கின. படுக்கையிற் கிடந்தது சுவர் ஏறியது. 'நியூயார்க் டைம்ஸ்' பத்திரிகையின் கலை விமர்சகர் மைக்கேல் கிம்மல்மன், இவற்றை நவீன அமெரிக்கக் கலையின் அற்புதங்களுள் சேர்த்து, மத்தீஸ், கிளே ஆகிய ஐரோப்பிய ஓவியர்களின் பெயர்களையும் உடன்கூறிப் பாராட்டினார். 2006இல் அமெரிக்கத் தபால் இலாகா பத்துப் போர்வைகளைத் தபால்தலைகளாக வெளியிட்டது.

பாராட்டு நன்றே. நாமும் மகிழ்ந்தோம். ஆயினும் அப்பாராட்டின் முறை பற்றி நமக்கு மறுப்பு உண்டு. ஐரோப்பிய ஓவியரைப் போலிருக்கிறது என்பது உயர்ந்த புகழ்ச்சியாகக் கூறப்படுகின்றது. ஆனால் அப்பெண்கள் அவ்வோவியரைப் பார்த்துச் செய்தவரல்லர். அயல்வீட்டுக் கொடியைப் பார்த்துச் செய்தவர்கள். ஓவியன் வெள்ளைத் துணியில் தொடங்குகின்றான். எந்த நிறமும் அவன் கைக்கு எட்டும். இவர்களோ கணவனின் முழங்காலில் தேய்ந்த துணியில் தொடங்கினர். பையைப் பிரித்தெடுத்த இடத்தில் மட்டும் பழைய நிறம் மங்காமல் கருநீலமாய் நிற்கும். அதனையே ஓர் அழகுப் புள்ளியாகப் பயன்படுத்தினர். இக்கலையின் தனிப்பெருமை அங்கே இருக்கின்றது. ஒப்புமை தேடும் விமர்சகர் அதனைக் காணாமற் போகிறார். நம் நாட்டிலும், "நம்மவர் பாட்டு ஷேக்ஸ்பியருக்கு நிகரானது" என்று ஆங்கிலம் கற்றோர் மேடையிற் பேசுவதை நாம் கேட்டதில்லையா? நாமும் ஆங்கிலப் பள்ளியிற் படித்தவரே. அப்பேச்சை ஒரு காலத்தில் நாமும் பேசியவரே. அளவுகோலை அயலாரிடம் கடன் வாங்கினால் வட்டியும் அயலாருக்கே சேரும்.

மற்றொரு சாரார் வேறுவிதமாய்ப் பிழை செய்கின்றனர். வறுமையே இக்கலையை ஈன்றது என்பது அவர்கள் வாதம். இது கேட்க இனிமையாய் இருப்பினும் நச்சுப் பேச்சாகும். வறுமை கலையை ஈனுமாயின் உலகத்துத் தோட்ட லயங்கள் யாவும் கலைக்கூடங்களாயிருக்க வேண்டும். வறுமை கொடுத்தது கந்தையையும் குளிரையுமே. அக்கந்தையைக் கொண்டு செய்தது, ஒருவர்க்கொருவர் கற்பித்துக்கொண்ட பெண்களின் அறிவு. அறிவின் பெருமையை வறுமைக்குக் கொடுப்பது, வறுமையை நிலைநிறுத்த விரும்புவோர்க்கே துணையாகும்.

காட்சிசாலைக்குப் போன பின்னும் கணக்குப் புத்தகம் பின்தொடர்ந்தது. போர்வைகளின் விலையும், அவற்றின் அமைப்பைப் பிற பொருள்களில் அச்சிட்டு விற்ற உரிமையும் பற்றி வழக்கெழுந்தது. 2007இல் அவ்வூர்ப் பெண்கள் சிலர் நீதிமன்றம் சென்றனர். 2008இல் வழக்கு சமரசமாய் முடிந்தது. யார் பக்கம் நியாயம் என்று தீர்ப்பளிப்பது நமது வேலையன்று. ஆனால் வாக்குக் கேட்பதற்கே அஞ்ச வேண்டியிருந்த ஊரின் பெண்கள், தங்கள் கைவேலைக்குரிய பங்கைக் கேட்க வக்கீலுடன் நீதிமன்றம் ஏறினர் என்பதை ஒரு முன்னேற்றமாகவே கருதுகிறோம். தவிர, 2003லேயே அவ்வூர்ப் பெண்கள் ஏறக்குறைய ஐம்பது பேர் கூடித் தங்களுக்கென ஒரு போர்வைக் கூட்டுக்குழுவை அமைத்தனர். அதன் வழியே விற்கும் ஒவ்வொரு போர்வைக்கும் செய்தவள் பெயர் உண்டு.

நமது வீட்டுக் கந்தை

இனி நமது கதை ஒன்றைக் கூறி முடிப்போம். கூறுவதற்கு வெட்கமாகவே இருக்கின்றது.

நமது பாட்டியார் பால்மரம் வெட்டியவர். பழஞ்சேலைகளையும் கிழிந்த கைலிகளையும் நாலைந்து மடிப்பாக அடுக்கி, ஓட்டுத்தையலிட்டு ஒரு விரிப்புச் செய்திருந்தார். தோட்டத்தில் நாம் பிறந்ததும் கிடத்தப்பட்டது அதன்மேல்தான் என்பர். அதில் ஒரு மூலையில் எத்தனை முறை துவைத்தும் போகாத பால்கறை கருநிறமாய்ப் படிந்திருந்தது. தாத்தாவின் வேலைச்சட்டையிலிருந்து வந்த துண்டு அது என்று பாட்டியார் சொல்வார். பக்கத்து லயத்துப் பெண்கள் மாலையில் வந்து அமர்ந்து, தாமும் இரண்டு முழம் தைத்துக் கொடுத்துப் போவதுண்டு. அவர்களுக்குப் பாட்டியார் போய்த் தைத்துக் கொடுப்பார். அதற்குச் சங்கம் என்று எவரும் பெயரிடவில்லை.

ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. பின்னர்த் தோட்டத்தின் அப்பகுதியும் விற்கப்பட்டு, நமது குடும்பம் டவுனில் ஓர் அடுக்குமாடி வீட்டுக்குக் குடிபெயர்ந்தது. பாட்டியார் அதற்கு முந்திய ஆண்டே காலமானார். நமக்கு அப்போது பன்னிரண்டு வயது. புது வீட்டில் அண்டையயலார் சிரிப்பார்களே என்று அஞ்சி, அவ்விரிப்பைச் சாமான்களோடு ஏற்றவில்லை. லயத்தின் பின்புறம் வைத்து எரித்தனர். தீப்பெட்டியை எடுத்துக் கொடுத்தது நாம்.

பல ஆண்டுகளுக்குப் பின் ஜீஸ் பெண்ட் பற்றிப் படிக்கும்போது ஒரு செய்தி நம்மைத் திடுக்கிடச் செய்தது. ஆனி மே யங்கைத் தேடி ஆர்னெட் வந்து சேர்வதற்கு முந்திய வாரத்தில்தான் அவ்வம்மையார் சில பழம்போர்வைகளை எரித்திருந்தாராம். பஞ்சு எரியும் புகைக்குக் கொசு அண்டாது என்பது அவ்வூர் அனுபவம். இதனைப் படித்தவுடன் நமக்கு ஒருவித ஆறுதல் உண்டாயிற்று. அவர்களும் எரித்தார்கள் அல்லவா என்று நெஞ்சம் சமாதானம் தேடிற்று. ஆனால் அச்சமாதானம் நிற்கவில்லை. அவ்வம்மையார் எரித்தது, மற்றொன்று செய்யத் தம் கையில் வித்தை இருந்தமையால். நாம் எரித்தது வெட்கத்தால். அடுத்ததைச் செய்யத் தெரிந்த கை நம் வீட்டில் இல்லை; அக்கையினிடம் கற்றுக்கொள்ள எவரும் கேட்கவும் இல்லை.

அன்பர்களே! கந்தையைக் கண்ணாடிப் பெட்டியில் வைக்கும்படி நாம் கூறவில்லை. அதனைப் போற்றும் பெயரால் ஏழ்மையைப் போற்றவும் கூறவில்லை. நம் மக்கள் நல்ல வீட்டில், நல்ல உடையில், நிறைந்த கூலியோடு வாழ வேண்டும் என்பதில் நமக்கு இரண்டாவது கருத்துக் கிடையாது. ஆனால் ஏழ்மையைத் துரத்தும்போது, அவ்வேழ்மைக்கு நடுவே நின்று அறிவையும் அழகையும் காப்பாற்றிய பெண்களையும் சேர்த்துத் துரத்திவிடுதல் தன்மானம் ஆகாது.

ஆகவே வாசகர்களிடம், சிறப்பாக மாதர் சங்கங்களையும் வாசகசாலைகளையும் நடத்துவோரிடம், ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டிலோ அயலிலோ ஊசி பிடித்த முதிய பெண்மணி ஒருவர் இன்னும் இருப்பாராயின், அவரிடம் போய் அமருங்கள். அவர் தையலைக் கற்றுக்கொள்ளுங்கள். கற்றதை அப்படியே செய்யாமல் உங்கள் வழியில் ஓர் இழையாவது மாற்றுங்கள். அவர் செய்த பொருள் எதுவாயினும், அதன் மூலையில் அவர் பெயரையும் ஆண்டையும் நூலால் எழுதி வையுங்கள். கிராணியின் புத்தகம் அவர் வேலைக்கு வந்த நாளைமட்டும் எழுதி வைத்திருக்கின்றது. மற்றதை நாம்தாம் எழுத வேண்டும்.